மூன்று மாத வயிற்றோட்டம், வயிற்றோட்டமே அல்ல

மட்டக்களப்பு நகரிலுள்ள தனியார் சிகிச்சை நிலையம் ஒன்றில், குழந்தை நல வைத்திய நிபுணரிடம் எங்கள் நான்கு வயது மகனைக் காட்டிய அனுபவம் இது. மூன்று மாதங்களாக அவனுடைய காற்சட்டையில் நாளுக்கு நான்கைந்து தடவை மலம் தண்ணீராகக் கசிந்துகொண்டிருந்தது. நாங்கள் அதை வயிற்றோட்டம் என்றே நம்பி, பழத்தையும் கீரையையும் நிறுத்திவிட்டு, பாணும் பிஸ்கட்டும் பால்மாவுமாகக் கொடுத்துவந்தோம். மலத்தைக் கட்டும் மருந்து, பூச்சி மருந்து, மலப் பரிசோதனை எல்லாம் முடிந்தன. அம்மம்மா தன் பங்குக்குக் கண்ணூறும் கழித்தார்.

ஐந்து மணிக்கென்று இலக்கம் தந்தவர்கள் எங்களை உள்ளே அழைத்தபோது ஏழரை ஆகியிருந்தது. காத்திருப்போருக்கான கழிவறை பூட்டியிருந்தது. வயிற்றுக் கோளாறுள்ள பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, அதன் திறப்புக்காக நான் இரண்டு தடவை வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. குழந்தைகளைப் பார்க்கும் இடத்தில் இது மன்னிக்கக்கூடிய குறை அல்ல.

வைத்தியரைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. பிறந்து எத்தனை மணித்தியாலத்தில் முதல் மலம் போனது என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. 48 மணித்தியாலத்துக்கு மேல் தாமதித்திருந்தால் பெருங்குடல் நரம்புகளில் பிறவிக் குறை உள்ளதா என்று பார்க்க வேண்டிவரும் என்றார். பிறகு வளர்ச்சிப் பதிவேட்டைப் புரட்டி, எடைக்கோடு இறங்கவில்லை என்பதை உறுதிசெய்துகொண்டார். கடைசியாக மகனைப் படுக்கவைத்து, என் விரல்களையே பிடித்து அவனது இடப்பக்க அடிவயிற்றில் மெல்ல அழுத்தினார். காய்ந்த களிமண் உருண்டைகள் போல ஏதோ தட்டுப்பட்டது. "இது வயிற்றோட்டம் இல்லை, அம்மா. மலச்சிக்கல்" என்றார்.

இறுகிய மலம் குடலின் அடியில் தேங்கிவிட, மேலிருந்து வரும் இளகிய மலம் அதன் ஓரமாகக் கசிகிறது. தேக்கத்தால் விரிந்த குடலுக்கு உணர்ச்சி மங்கிவிடுவதால், கசிவது பிள்ளைக்கே தெரிவதில்லை. சோம்பல் என்று அவனை ஏசிய நாட்களை நினைத்து நான் தலைகுனிந்தேன். நாங்கள் கொடுத்த மருந்தும் பாணும் தேக்கத்தை மேலும் இறுக்கியிருந்தன.

இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ எழுதவில்லை. மலத்தில் இரத்தம், எடை குறைதல், விடாத வாந்தி இருந்தால்தான் அவை தேவையாம். கட்டணம் கட்டிவிட்டு வெறுங்கையுடன் திரும்புகிறோமோ என்று அப்போது சற்று ஏமாற்றமாக இருந்ததை ஒப்புக்கொள்கிறேன். மலத்தை இளக்கும் லக்டியுலோஸ் பாணியை முதலில் கூடுதலாகவும், தேக்கம் கழிந்தபின் அளவைக் குறைத்துப் பல மாதங்களுக்கும் கொடுக்கச் சொன்னார். இடையில் நிறுத்தினால் பழையபடி வருமாம். ஆறு கோப்பைப் பால்மா இரண்டாகக் குறைந்தது. பப்பாசியும் குரக்கன் பிட்டும் திரும்பி வந்தன. சாப்பாட்டுக்குப் பின் ஐந்து முதல் பத்து நிமிடம் கொமட்டில் இருத்துகிறோம். கால் தொங்கக் கூடாது என்பதால் கவிழ்த்த வாளியொன்று இப்போது கழிவறையில் நிரந்தரமாகிவிட்டது.

முதல் வாரம் கசிவு இன்னும் கூடியது, பயந்தேவிட்டோம். மூன்றாவது வாரத்தில் நின்றது. தொடர்ந்து காட்டுவதற்கு, செலவில்லாமல், போதனா வைத்தியசாலை கிளினிக்குக்கே கடிதம் தந்துவிட்டார்.

இந்தத் தனியார் நிலையத்துக்குப் போவதென்றால் வளர்ச்சிப் பதிவேட்டை மறக்காமல் கொண்டுபோங்கள். உள்ளே நுழைந்ததும் கழிவறைத் திறப்பை முதலில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.