ஃபோல்டர் குறுக்குவழி: ஆட்டோகேட், இன்வென்ட்டர், விண்டோஸ் – எதில் எதை வைப்பது?

டிராயிங் திறக்க ஒவ்வொரு முறையும் சர்வருக்குள் ஏழெட்டு ஃபோல்டர் இறங்கிப் போவது வீண் வேலை. அடிக்கடி போகும் ஃபோல்டரை ஓப்பன் டயலாக்கிலேயே, அதாவது ஃபைல் திறக்கும்போது வரும் பெட்டியிலேயே, நிறுத்திவைக்க ஆட்டோகேட், இன்வென்ட்டர், சாலிட்வொர்க்ஸ் ஆகிய மூன்று வரைவு மென்பொருள்களிலும் வழி உண்டு. அந்தக் குறுக்குவழி எங்கே பதிவாகிறது என்பதில்தான் மூன்றும் பிரிகின்றன. தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.

ஆட்டோகேட் விண்டோஸின் வழக்கமான டயலாக்கைப் பயன்படுத்துவதில்லை. அதற்கென்று சொந்த டயலாக், இடப்பக்கம் 'ப்ளேசஸ்' பட்டியல். வேண்டிய ஃபோல்டரைப் பிடித்து இழுத்து அதில் போட்டால் போதும். ரைட் கிளிக் செய்து, இப்போது நிற்கும் ஃபோல்டரையே சேர்க்கலாம், பெயரை மாற்றலாம், தேவையில்லாததை நீக்கலாம். நீக்கியது திரும்ப வேண்டுமென்றால் 'ரிஸ்டோர் ஸ்டாண்டர்ட் ஃபோல்டர்ஸ்' இருக்கிறது. ஃபைல் எதையும் திறக்காமல் கேன்சல் கொடுத்தால் 'மாற்றங்களைச் சேமிக்கவா?' என்று கேட்கும். அவசரத்தில் 'நோ' அழுத்தினால் சேர்த்தது போய்விடும்.

இந்தப் பட்டியல் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்), உங்கள் ப்ரொஃபைலுக்குள், அதாவது ஆட்டோகேடில் உங்களுக்கான அமைப்புகளின் தொகுப்புக்குள், பதிவாகிறது. ப்ரொஃபைலை மாற்றினால் பட்டியலும் மாறும். இதை ஒரு வசதியாகவே எடுத்துக்கொள்ளலாம். ஆப்ஷன்ஸில் ப்ரொஃபைலை ஏஆர்ஜி ஃபைலாக ஏற்றுமதி செய்து புதிதாகச் சேர்ந்தவரின் கணினியில் ஏற்றினால், பிளாக் லைப்ரரியும் (திரும்பத் திரும்பப் பயன்படும் வரைபடத் துண்டுகளின் ஃபோல்டர்) டெம்ப்ளேட் ஃபோல்டரும் அவர் டயலாக்கிலும் வந்து நிற்கும். ஆட்டோகேடுக்குள் நிரல் எழுதும் லிஸ்ப் மொழி தெரிந்தவர்கள் 'ப்ளேசஸ்ஆர்டர்' என்று தொடங்கும் ரெஜிஸ்ட்ரி மதிப்புகளை நேரடியாக எழுதியே இதைச் செய்துவிடுவார்கள். அப்புறம், ஆட்டோகேடின் 'ரிமெம்பர்ஃபோல்டர்ஸ்' என்ற அமைப்பின் மதிப்பு 1 ஆக இருக்கட்டும். கடைசியாகப் போன ஃபோல்டரிலேயே டயலாக் திறக்கும்.

இன்வென்ட்டர் குறுக்குவழியை ஆளோடு கட்டாமல் வேலையோடு கட்டுகிறது. ஒரு வேலைக்கான ஃபோல்டர் பாதைகளைக் குறித்துவைக்கும் ஐபிஜே ப்ராஜெக்ட் ஃபைலில் 'ஃப்ரீக்வென்ட்லி யூஸ்டு சப்ஃபோல்டர்ஸ்' என்ற பகுதியில் ஒருவர் சேர்த்தால், அதே ப்ராஜெக்டைத் திறக்கும் எல்லாருக்கும் ஓப்பன் டயலாக்கில் தெரியும். ஆனால் அந்த ஃபோல்டர் ப்ராஜெக்டின் பாதைகளுக்குள்ளேயே இருக்க வேண்டும். வேறு ப்ராஜெக்டுக்குத் தாவ, திறந்திருக்கும் ஃபைல்களை எல்லாம் மூடியாக வேண்டும். நாலு பேர் ஒரே இயந்திரத்தை வரையும் இடத்தில் இந்தச் சிரமத்தைத் தாராளமாகப் பொறுத்துக்கொள்ளலாம்.

சாலிட்வொர்க்ஸில் வருவது விண்டோஸ் டயலாக். அதனால் அங்கே இடப்பக்கம் தெரியும் விண்டோஸின் 'க்விக் ஆக்சஸ்' பட்டியல்தான் கைகொடுக்கும். எக்ஸ்ப்ளோரரில் ஒரு முறை பின் செய்தால் எக்செலிலும் அதே ஃபோல்டர் வரும். ஒரே தொல்லை, அடிக்கடி திறந்த ஃபோல்டர்களை விண்டோஸ் தானாகவே நடுவில் நுழைக்கும். ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் அதை நிறுத்திவிடுங்கள். இந்தப் பட்டியல் அந்தப் பயனருக்கு மட்டும்தான், குழுவில் வேறு யாருக்கும் போகாது.

ஆட்டோகேட் அலுவலகத்துக்கு என் பரிந்துரை: லைப்ரரி, டெம்ப்ளேட் மாதிரி மாறாத ஃபோல்டர்களுக்கு மட்டும் ப்ளேசஸ். மாதாமாதம் வரும் புது ஜாப் ஃபோல்டர்களை அதில் அடுக்கினால், ஆறே மாதத்தில் முடிந்துபோன வேலைகளின் பெயர்கள்தான் அங்கே நிறைந்திருக்கும்.