கர்ப்பத்தில் பிரஷர் ஏறியபோது நான் போட்ட மூன்று மாத்திரைகள்

மூன்றில் எனக்கு நன்றாகக் கேட்டது நிஃபெடிபின்தான். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்குச் செக்கப் போய்க்கொண்டிருந்தேன். ஏழாம் மாதம் பிரஷர் 150/100, யூரினில் புரோட்டீன், முகமெல்லாம் வீக்கம்.

முதலில் மெத்தில்டோபா. கர்ப்பிணிகளுக்குக் காலங்காலமாகக் கொடுத்துவரும் மருந்து, குழந்தைக்குப் பயமில்லை என்றார் டாக்டர். ஆனால் மூன்று வேளை போடணும். போட்டால் அப்படியொரு தூக்கம். பஸ் ரெட்டிச்சாவடி தாண்டுவதற்குள் கண் சொக்கும். முதலியார்பேட்டை வந்ததும் பக்கத்து சீட்டு அக்கா தட்டி எழுப்புவார். பிரஷரும் மெதுவாகத்தான் இறங்கியது.

அடுத்து லேபெட்டலால். தூக்கம் தெளிந்தது. உச்சந்தலையில் மட்டும் எறும்பு ஊர்வதுபோல ஒரு குறுகுறுப்பு. வீசிங் இருப்பவர்களுக்கு இது ஆகாது. ஆஸ்துமா உள்ள என் நாத்தனாருக்கு இதை எழுதவே இல்லை.

160/110 ஆனதும் அட்மிட் செய்து நிஃபெடிபின் ரிடார்ட் (மருந்து மெதுவாக வெளியாகும் மாத்திரை) கொடுத்தார்கள். கடிக்காமல், உடைக்காமல் முழுசாக விழுங்கணும். முகம் ஜிவ்வென்று சூடாகி, தலை வலித்தது. பிரஷர் ஏறினாலும் தலை வலிக்கும் என்பதால் சிஸ்டர் உடனே பட்டையைக் கட்டிப் பார்த்தார். இறங்கியிருந்தது. அன்று என் அம்மாவுக்குப் போன உயிர் திரும்பியது.

நாக்பூரில் 894 கர்ப்பிணிகளுக்கு இந்த மூன்றில் ஆளுக்கு ஒன்றைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2019-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஆறு மணி நேரத்துக்குள் பக்கவிளைவுத் தொல்லையில்லாமல் பிரஷர் கட்டுக்குள் வந்தது நிஃபெடிபினில் 84 சதவீதம் பேருக்கு, லேபெட்டலாலில் 77, மெத்தில்டோபாவில் 76. ஆக மூன்றுமே கைவிடாது. உங்கள் உடம்புக்கு எது என்பதை டாக்டர்தான் சொல்லணும்.

"எல்லாம் பிரஷர் மாத்திரைதானே" என்று மாமியாருடைய டெல்மிசார்டனைப் போடச் சொன்னார் ஒருவர். தயவுசெய்து செய்யாதீர்கள். வயிற்றுப் பிள்ளையின் சிறுநீரகத்தையே அது கெடுக்கும். எனாலாபிரில் என்ற பிரஷர் மாத்திரையும் அப்படித்தான்.

இந்த மாத்திரைகள் பிரஷரைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். வலிப்பு வராமலிருக்க மெக்னீசியம் சல்பேட் ஊசி தனி. பிரசவம் ஆனாலும் சில நாளில் பிரஷர் மறுபடி ஏறலாம், டிஸ்சார்ஜ் ஆனதும் செக்கப்பை விட்டுவிடாதீர்கள். கர்ப்பத்தில் ஆகாத அதே எனாலாபிரிலைத்தான் குழந்தை பிறந்தபின் எனக்கு எழுதினார்கள். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே போட்டேன்.