தொடக்கப்பள்ளி ஆசிரியராகப் போகிறவருக்கு எந்தக் கணிதத் தாள்?

கல்லூரியில் பலர் தடுமாறும் இடம் இது: பொது இயற்கணிதமா, ஆசிரியர்களுக்கான தொடக்கக் கணிதமா?

என்ன படிப்பீர்கள்?
இயற்கணிதம்: சார்புகள், இருபடிச் சமன்பாடுகள், மடக்கை.
ஆசிரியர் தாள்: இடமதிப்பு, பின்னம், அளவை, வடிவியல்.

எது கடினம்?
இயற்கணிதத்தில் சூத்திரமும் பயிற்சியும் கைகொடுக்கும். ஆசிரியர் தாள் 'தெரிந்ததுதானே' என்று தோன்றும், உட்கார்ந்தால்தான் புரியும். 3 ÷ ½ = 6. தலைகீழாக்கிப் பெருக்கு என்று சட்டென்று சொல்லிவிடுவோம். வகுத்த பிறகு எண் ஏன் பெரிதானது என்று ஒரு குழந்தை கேட்டால்? 3 மீட்டர் கயிற்றை அரை மீட்டர் துண்டுகளாக வெட்டிக் காட்ட வேண்டும். 6 துண்டுகள் கண்ணெதிரே கிடக்கும்.

வகுப்பறையில்?
இங்கே எனக்குச் சந்தேகமே இல்லை, ஆசிரியர் தாள்தான். 52 − 28 = 36 என்று ஒரு குழந்தை எழுதுகிறது. கவனக்குறைவு என்று சிவப்பு மையால் அடித்துவிடுவது சுலபம். ஆனால் அந்தக் குழந்தை ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது. ஒரு பத்தைப் பிரித்து பத்து ஒன்றுகளாக்கலாம் என்பது அதற்கு இன்னும் பிடிபடவில்லை. இதைக் கண்டுபிடிக்கும் கண்ணை மடக்கை தராது.

பாதை மாறினால்?
இயற்கணிதம் மற்ற பட்டங்களுக்கும் உதவும். ஆசிரியர் தாள் அங்கே பெரும்பாலும் கணக்கில் வராது.

சரி, யாருக்கு எது? சிறு வகுப்புகள்தான் என்று முடிவெடுத்தவர் ஆசிரியர் தாளை எடுக்கட்டும். இன்னும் முடிவெடுக்காதவர், அல்லது மேல்வகுப்புக் கணிதம் நடத்த நினைப்பவர் முதலில் இயற்கணிதம் எடுக்கலாம். ஆசிரியர் பணிக்கான உரிமத்துக்கு எது கட்டாயம் என்பதைச் சேரும் முன்பே கேட்டுவிடுங்கள்.