பூச்சியை வைப்பதா, பூச்சி பிடிக்கும் ஆசையை வைப்பதா?

பூச்சி சேகரிப்பில் பைத்தியமாக இருப்பவர் வீடியோ கேம் உருவாக்க வந்தால், இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பூச்சிகளையே கருப்பொருளாக்குவது. சீக்கிரம் முடியும், விவரங்களும் பிசகாது. ஆனால் பூச்சி என்றாலே ஒதுங்குபவர் கிட்டவே வரமாட்டார்.

இன்னொன்று, அந்தப் பொழுதுபோக்கில் தன்னை இழுத்தது எது என்று தோண்டுவது. போகிமான் என்ற வீடியோ கேமை உருவாக்கிய சதோஷி தாஜிரி இதைத்தான் செய்தார். தேடுவது, பிடிப்பது, நண்பனிடம் மாற்றிக்கொள்வது. கேம் பாய் என்ற கையடக்க விளையாட்டுக் கருவிகள் இரண்டை இணைக்கும் கேபிளில் பூச்சிகள் ஊர்ந்து போவதாக அவர் கற்பனை செய்தார். 1996இல் ஜப்பானில் போகிமான் வந்தது. அதன் சிவப்புப் பதிப்பில் சில உயிரினங்கள் கிடையாது, பச்சையில் வேறு சில கிடையாது. எல்லாம் வேண்டுமா, இன்னொருவரிடம் மாற்றியே ஆகவேண்டும்!

சரி, இதற்கு ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் பிடித்தன. இருந்தாலும் நான் இந்த வழியைத்தான் சொல்வேன்.