இசுசு இன்ஜின் ஏற்றிய அம்பாசடர்: தொப்பூர் பாதையில் மூன்று வருட ஓட்டம்

பழைய அம்பாசடர் பாடி. அதில் ஜப்பானிய இசுசு 1.8 லிட்டர் இன்ஜின், ஐந்து கியர் பாக்ஸ், முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக். தர்மபுரி–சேலம், கிருஷ்ணகிரி–ஓசூர் ரோடுகளில் மூன்று வருடம் ஓடியதில் தெரிந்தவை இவை.

இன்ஜின்தான் இதில் சுலபமான வேலை. இந்துஸ்தான் மோட்டார்ஸே 1990களில் இதே பாடியில் 1817 சிசி இசுசுவைப் போட்டு விற்றது. இன்ஜின் மவுண்டிங், கியர் பாக்ஸ், பின்சக்கரத்துக்குச் சுழற்சி கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் மூன்றையும் அந்த மாடலிலிருந்தே எடுத்துக்கொண்டால் புதிதாக பிராக்கெட் வெல்டிங் தேவையில்லை. பணமும் கவனமும் பிரேக்குக்கும் ரேடியேட்டருக்கும்தான் போக வேண்டும்.

தர்மபுரியிலிருந்து சேலம் போகும்போது தொப்பூர் கணவாய் இறக்கம். நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக்காக இருந்தால் லைனிங் சூடேறி, மிதிக்க மிதிக்கப் பிடிமானம் குறையும். டிஸ்க் போடுகிறவர்கள் பலரும், பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளும் பழைய மாஸ்டர் சிலிண்டரை அப்படியே விட்டுவிடுகிறார்கள். தப்பு அங்கேதான். டிரம் மாஸ்டருக்குள் ஒரு வால்வு, காலை எடுத்த பிறகும் லைனில் சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தைப் பிடித்து வைக்கும். டிரம்மில் ரிட்டர்ன் ஸ்பிரிங் அதை மீறி ஷூவை இழுத்துவிடும். டிஸ்கில் பேடை அழுத்தும் காலிப்பரில் ஸ்பிரிங் கிடையாது, பேட் டிஸ்கை விடாது.

பிரேக் இப்படிப் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க, பத்து கிலோமீட்டர் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டிவிட்டு முன்சக்கர ஹப் பக்கம் புறங்கையைக் கொண்டுபோங்கள். அனல் அடித்தால் ஜாக்கி போட்டுச் சக்கரத்தைச் சுற்றுங்கள். 'சர்ர்' என்று உரசி ஒரு சுற்றில் நிற்கும். மாஸ்டரிலிருந்து வரும் பைப் நட்டை லேசாகத் தளர்த்தியதும் சக்கரம் விடுபட்டால் மாஸ்டர்தான் காரணம். அங்கே விடாமல், காலிப்பரில் காற்று எடுக்கும் திருகான பிளீடரைத் திறந்தால் மட்டும் விடுபட்டால், ஹோஸ் உள்ளே உப்பியிருக்கிறது. இரண்டிலும் விடவில்லையா, காலிப்பர் பிஸ்டன் துரு.

மிதிக்கும் விசையைப் பெருக்கும் சர்வோ கட்டாயம். டிரம்மில் முன் ஷூ சுழற்சியோடு சேர்ந்து தானே கவ்வும், டிஸ்குக்கு அந்த உதவி இல்லை. சர்வோ இல்லாவிட்டால் பெடல் கல் மாதிரி இருக்கும். அந்த சர்வோவுக்கு வேக்குவம் தருவது இன்ஜின். இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் என்று இன்ஜினை அணைத்து உருட்டுவது உயிருக்கே ஆபத்து. மூன்றாவது கியரில் இறங்குங்கள். டாட் 4 பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும்: புதிதில் 230 டிகிரி வரை கொதிக்காதது, ஈரம் இழுத்தபின் 155 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கலாம்.

ரேடியேட்டரில் நம்ம பக்கத்து போர் தண்ணீர் ஒரு சொம்புகூடப் போகக் கூடாது. மேல் டேங்கைப் பிரித்துப் பார்த்தால் டியூப் வாயில் முட்டை ஓடு மாதிரி வெள்ளைப் படிவு கட்டியிருக்கும். சூடான இன்ஜினை அணைத்து, ஃபேன் நின்றபின் ரேடியேட்டரின் டியூப் பகுதியான கோரின் மேல் கையை நகர்த்தினால் சில பட்டைகள் மட்டும் குளிர்ந்திருக்கும், அடைப்பு அங்கே. படிவைக் கரைக்க ஆசிட் ஊற்றினால் டேங்கைப் பற்றவைத்த சால்டரையும் தின்னும். டேங்கைக் கழற்றிக் கம்பி விட்டுக் குத்துவதுதான் முறை. பிறகு கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. சூடேறுகிறது என்று, கூலண்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அதிகாலைக் குளிரில் இன்ஜின் சூடாகவே நேரமெடுத்து, பெட்ரோல் வீணாகும், சிலிண்டரின் உள்சுவரும் தேயும்.

இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய ரப்பர் ஹோஸும் பெட்ரோல் பம்ப் டயாஃப்ரமும் உப்பி விரியும். எத்தனாலைத் தாங்கும் வைட்டான் ரப்பர் ஹோஸ் போடுங்கள். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் கலவையில் பெட்ரோல் குறைந்ததுபோல் ஆகும்; பிளக் முனை வெளுத்திருந்தால் கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டை ஒரு சைஸ் கூட்டிப் பாருங்கள். காப்பிப்பொடி நிறம் வந்தால் சரி.

முறுக்கி ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பியான முன்பக்க டார்ஷன் பார் இரண்டிலும் கழற்றும்போதே இடம், வலம் குறித்துவிடுங்கள். ஒரு பக்கம் முறுக்கேறிப் பழகிய பாரை மறுபக்கம் போட்டால் தாங்காது.

இன்ஜினை இறக்கும் முன்பே ஆர்.டி.ஓ. அனுமதி வாங்குங்கள், மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு அதைக் கேட்கிறது. புது இன்ஜின் நம்பர் ஆர்.சி.யில் ஏறாமல் இருந்தால் ஆர்.சி. ரெனியூவல் அன்று வண்டி அங்கேயே நிற்கும்.