மட்டக்களப்பு கல்லடியில் ஒரு பௌதிகவியல் ரியூசன்: பிள்ளையைச் சேர்க்க முதல் வாசியுங்கள்

மகள் உயர்தரம் கணிதப் பிரிவு. பள்ளிக்கூடத்தில் பாடத்திட்டம் முடிய முதல் பரீட்சை வந்துவிடும் என்ற பயத்தில்தான் இங்கே சேர்த்தோம்.

சேர் படிப்பிப்பது உண்மையிலேயே திறம். வினாத்தாளில் வரும் 4 அமைப்புக் கட்டுரை வினாக்களையும் எழுத வைத்து, அவரே திருத்தி, எந்த வரிக்குப் புள்ளி விழும், எந்த வரி வீண் என்று ஓரத்தில் குறித்துத் தருவார். 50 பல்தேர்வு வினாக்களை 2 மணித்தியாலத்துக்குள் முடிக்கிற பழக்கமும் மகளுக்கு இங்கேதான் வந்தது, அதற்கு எவ்வளவு காசும் கொடுக்கலாம்.

ஆனால் மண்டபம் சரியில்லை. தகரக் கூரை, பங்குனி வெயிலில் பிள்ளைகள் அவிந்து போவார்கள், பின் வாங்குக்குக் குரலும் கேட்காது. வகுப்பு இருட்டிய பிறகுதான் முடியும். செங்கலடி, வந்தாறுமூலையிலிருந்து வரும் பெண் பிள்ளைகள் பஸ்சுக்கு நிற்பதைப் பார்க்க மனம் கேட்காது, இதை நிர்வாகம் கட்டாயம் மாற்ற வேண்டும்.

அப்புறம், பல்கலைக்கழக விண்ணப்ப வழிகாட்டல் என்று தனியாகக் காசு வாங்கினார்கள். அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு (மட்டக்களப்பும் அம்பாறையும் அதில் அடக்கம்) என்பதையே விளக்கினார்கள். அது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கையேட்டிலேயே தமிழில் இருக்கிறது. பேப்பர் வகுப்புக்குச் சேருங்கள், வழிகாட்டலுக்குக் காசு கட்டாதீர்கள்.