நெடுக்கே போக ரயில், குறுக்கே போக எது? வடசென்னைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

திருவொற்றியூரிலோ தண்டையார்பேட்டையிலோ வீடு பிடித்து, அட்வான்ஸ் கொடுத்து, பால் காய்ச்சி முடித்ததும் அடுத்து எழும் கேள்வி, ‘ஒரு கார் எடுத்துடலாமா?’ என்பதுதான். நம் நாட்டில் கார் என்பது குடும்பம் நிமிர்ந்துவிட்டதற்கான அடையாளம், ஆசையில் தப்பில்லை. ஆனால் ஷோரூமுக்குப் போகும் முன் வரைபடத்தை ஒரு நிமிடம் பாருங்கள்.

எண்ணூர் விரைவுச்சாலை, டி.எச். ரோடு என்கிற திருவொற்றியூர் நெடுஞ்சாலை, அதன் தலைக்குமேல் மெட்ரோ, கும்மிடிப்பூண்டி ரயில்பாதை, பக்கிங்காம் கால்வாய் எல்லாமே வடக்கு தெற்காக ஓடுகின்றன. அதனால் நெடுக்கே போவது சுலபம். மணலி, மாதவரம், பெரம்பூர், வியாசர்பாடி என்று குறுக்கே போக வேண்டுமென்றால் ஒரு பாலமோ, சுரங்கப்பாதையோ, ரயில்வே கேட்டோ குறுக்கிடும். ‘எத்தனை கிலோமீட்டர்?’ என்பதைவிட ‘நெடுக்கா, குறுக்கா?’ என்பதுதான் இங்கே முதல் கேள்வி.

நெடுக்கே என்றால் போட்டி மெட்ரோவுக்கும் மின்சார ரயிலுக்கும்தான். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ 2021 பிப்ரவரியில் வந்தது. தியாகராயா கல்லூரியும் தண்டையார்பேட்டையும் பூமிக்கடியில். புது வண்ணாரப்பேட்டையிலிருந்து மேலே ஏறிவிடும். கட்டணம் 2 கிலோமீட்டர் வரை 10 ரூபாய், 5 வரை 20, 12 வரை 30, 21 வரை 40, அதற்கு மேல் எவ்வளவு தூரமானாலும் 50. கைபேசியில் கியூஆர் எடுத்தாலோ அட்டையைத் தட்டினாலோ 20 சதவீதம் குறையும். திருவொற்றியூரிலிருந்து சென்ட்ரலுக்கு 30 ரூபாய் என்றால் அது 24 ஆகிவிடும். விமான நிலையத்துக்கு இறங்கி மாறாமல் ஒரே வண்டி. இந்த ஒன்றுக்காகவே வடசென்னைக்காரர்கள் மெட்ரோவை மன்னிக்கலாம். கட்டிய காலத்தில் டி.எச். ரோட்டில் தின்ற புழுதி கொஞ்சமல்ல.

மின்சார ரயிலில் அதே சென்ட்ரலுக்கு 5 ரூபாய். ஆறு மடங்கு வித்தியாசம். ஆனால் இந்தத் தண்டவாளத்தில்தான் டெல்லி, ஹவுரா எக்ஸ்பிரஸ்களும் எண்ணூர், அத்திப்பட்டு பக்கத்துச் சரக்கு வண்டிகளும் ஓடுகின்றன. எக்ஸ்பிரஸ் வந்தால் லோக்கல் ஓரங்கட்டும். பேசின் பிரிட்ஜ் அருகே சிக்னலுக்கு நின்றால், சென்ட்ரல் கண்ணுக்குத் தெரியும், போய்ச் சேர முடியாது. ‘9 மணிக்குள் பஞ்ச்’ வைக்க வேண்டிய வேலையில் இருப்பவர் இதை நம்பினால் மாதத்தில் இரண்டு மூன்று நாள் திட்டு வாங்குவார். மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி போகிறவர்களுக்கோ பேச்சே இல்லை, ரயில்தான். மெட்ரோ விம்கோ நகர் பணிமனையோடு முடிந்துவிடுகிறது.

புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடங்கள் சில இருக்கின்றன. கும்மிடிப்பூண்டி ரயில்கள் இரண்டு இடத்திலிருந்து கிளம்பும். சென்ட்ரலை ஒட்டிய மூர்மார்க்கெட் வளாகத்திலிருந்து வருவது பேசின் பிரிட்ஜ் வழி. கடற்கரையிலிருந்து வருவது ராயபுரம், வண்ணாரப்பேட்டை வழி. இரண்டும் சேர்வது கொருக்குப்பேட்டையில். ஆப்பில் ரயில் நேரத்தைப் பார்த்துவிட்டு ராயபுரத்தில் காத்திருப்பவர், அந்த ரயில் சென்ட்ரல் வண்டியாக இருந்தால் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். அதேபோல் பேசின் பிரிட்ஜில் பாதை பிரியும். வியாசர்பாடி ஜீவா, பெரம்பூர் போக வேண்டியவர் அவசரத்தில் கும்மிடிப்பூண்டி வண்டியில் ஏறினால் கொருக்குப்பேட்டையில்தான் இறங்க முடியும்.

இன்னொன்று, பெயர்கள். வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர் நான்குக்கும் ரயில் நிலையம் வேறு, மெட்ரோ நிலையம் வேறு. ஆட்டோக்காரரிடம் ‘ஸ்டேஷன்’ என்று மட்டும் சொன்னால் எதில் இறக்குவார் என்பது அவர் மனசு. மெட்ரோவில் நெரிசல் நேரத்தில் சில வண்டிகள் வண்ணாரப்பேட்டையோடு நின்றுவிடும். முகப்பில் விம்கோ நகர் என்று இருக்கிறதா என்று பார்த்து ஏறுங்கள். ரயிலில் முதல் வகுப்புப் பெட்டி காலியாகக் கிடக்கிறதே என்று ஏறினால், பரிசோதகர் வந்தால் குறைந்தது 250 ரூபாய் அபராதம்.

இனி குறுக்கே. இங்கே பேருந்துதான் அடிப்படை. திருவொற்றியூரிலிருந்து பூந்தமல்லிக்கு 101, பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகருக்கு 29சி போன்ற பழைய தடங்களை மனப்பாடம் செய்துகொண்டால் பாதி ஊரைச் சுற்றிவிடலாம். சாதாரணப் பேருந்தில் 5 ரூபாயிலிருந்து டிக்கெட். பெண்களுக்கு 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் இலவசம். ஆனாலும் நடத்துநரிடம் கட்டணமில்லா டிக்கெட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். முன்புறம் இளஞ்சிவப்பு அடித்திருந்தால் சந்தேகமே வேண்டாம். டீலக்ஸில் காசு உண்டு. ஆண்களுக்கு, குளிர்சாதனம் இல்லாத பேருந்துகளில் எங்கும் போக 1,000 ரூபாய் மாத பாஸ். 25 வேலை நாளில் ஒரு நாளைக்கு 40 ரூபாய்க்கு மேல் செலவழிக்கிறவருக்கு அது லாபம். கீழே என்றால் வேண்டாம்.

பேருந்துப் பலகையில் இருக்கும் பெயரும் வாயில் வரும் பெயரும் ஒன்றல்ல. பலகையில் வள்ளலார் நகர், ஊருக்கு அது மின்ட். மெட்ரோ அறிவிப்பில் சுங்கச்சாவடி, சனங்களுக்கு டோல்கேட். வழி கேட்கும்போது இரண்டாவது பெயரைச் சொல்லுங்கள். ஆந்திரா, திருப்பதி பக்கம் போக மாதவரம் பேருந்து முனையம் நமக்குப் பக்கம். மதுரை, திருச்சி என்றால் பெரும்பாலும் கிளாம்பாக்கம், அதாவது நகரின் மறுகோடி. பெட்டியோடு போகிறவர் இரண்டு மணி நேரமாவது முன்னால் கிளம்ப வேண்டும்.

பேருந்து வராத இடைவெளியை அடைப்பது ஷேர் ஆட்டோ. கைநீட்டினால் நிற்கும், பத்துப் பத்தாகக் கட்டணம் ஏறும். ஏறும்போதே ‘தேரடி எவ்ளோண்ணே?’ என்று கேட்டுவிடுங்கள். இறங்கிவிட்டுக் கேட்டால் புதுசு என்று தெரிந்துவிடும். சில்லறை கையில் இருக்கட்டும். ஓட்டுநர் பக்கத்தில் பாதி இருக்கையில் தொங்கிக்கொண்டு வருவதை மட்டும் தவிருங்கள். கன்டெய்னர் உரசிப் போகும் ரோட்டில் வெளியே நீட்டிய முழங்கால்தான் முதலில் அடிபடும்.

தனி ஆட்டோவுக்கு அரசு 2013இல் நிர்ணயித்த கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 12. அந்தக் கணக்கில் 5 கிலோமீட்டருக்கு 63 ரூபாய் சொச்சம்தான். அந்த விலைக்கு வண்டி கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆப்பில் காட்டும் தொகையைப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுவதுதான் நடைமுறை.

சரி, கார். 6 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்றால் மாதத் தவணை மட்டும் சுமார் 12,450 ரூபாய். பெட்ரோல், இன்சூரன்ஸ், நிறுத்த இடம் தனி. பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் சந்துகளில் இரவு காரை விட இடம் கிடைத்தால், அது வீட்டு வாடகையில் பாதிக்கு வரும் பாக்கியம். வயதானவர்கள் வீட்டில் இருந்தால், நள்ளிரவில் மருத்துவமனைக்கு ஓட வேண்டிய நிலை இருந்தால் கார் தேவைதான். பழவேற்காட்டுக்கும் சிறுவாபுரிக்கும் மாதம் ஒரு தரம் போவதற்கு என்றால் நாள் வாடகைக்கு எடுங்கள். (சொந்த வீடு வேண்டி சிறுவாபுரி முருகனுக்கு ஆறு செவ்வாய் போகிறவர்கள், ஆறு நாள் வாடகையையும் ஒரு மாதத் தவணையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.)

குறுக்கே தினம் போகிறவருக்கு உண்மையில் உதவுவது இருசக்கர வண்டி. அதற்கு இங்கே தனிப் பாடம் உண்டு. கன்டெய்னர் லாரி இடப்பக்கம் திரும்பும்போது, தலை முதலில் வலதுபக்கம் ஒதுங்கும். அப்போது இடப்பக்கம் ஒரு வண்டி நுழையும் அளவுக்கு இடம் தெரியும். அது இடமல்ல. தலை திரும்பியதும் பின்சக்கரங்கள் மூலையை உள்ளாக வெட்டிக்கொண்டு வரும். ஓட்டுநரின் கண்ணாடியில் நீங்கள் தெரியவே மாட்டீர்கள். லாரி இடது இண்டிகேட்டர் போட்டிருந்தால் முழுசாகத் திரும்பும்வரை பின்னாலேயே நில்லுங்கள், பின்னால் யார் ஹாரன் அடித்தாலும் சரி. எண்ணூர், மணலி சாலைகளில் ஓரத்து மணலும் சிந்திய டீசலும் முதல் தூறலில் சோப்பு மாதிரி வழுக்கும். அந்தப் பத்து நிமிடமும் முன்சக்கர பிரேக்கை இழுத்துப் பிடிக்காதீர்கள். உப்புக்காற்றில் செயின் சீக்கிரம் துருப்பிடிப்பதால் 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை துடைத்து எண்ணெய் விட வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கிறதா என்று கேட்காமல் கிளம்ப வேண்டாம். தண்ணீரில் வண்டி அணைந்தால் அங்கேயே ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். தண்ணீர் என்ஜினுக்குள் போய்விட்டிருந்தால் செலவு பல மடங்காகும். தள்ளிக்கொண்டு மேட்டுக்குப் போய் ஏர் ஃபில்டரையும் பிளக்கையும் கழற்றிப் பார்த்த பிறகுதான் மறுபடி உதைக்க வேண்டும்.

பழைய வண்டி வாங்குவதாக இருந்தால் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் விற்பவர் கையெழுத்து வாங்காமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். ஆர்.சி.யில் வங்கியின் பெயர் இருந்தால் கடன் முடிந்ததற்கான படிவம் 35உம் வங்கியின் தடையில்லாச் சான்றும் வேண்டும். வெளிமாநிலத்திலிருந்து சொந்த வண்டியைக் கொண்டுவருகிறவர்கள் அந்த ஊர் ஆர்.டி.ஓ.விடம் படிவம் 28 கொடுத்துத் தடையில்லாச் சான்று வாங்கி வந்து, 12 மாதத்துக்குள் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும். ஹெல்மெட் இரண்டு வாங்குங்கள். பின்னால் உட்காருகிறவருக்கும் அது கட்டாயம், இல்லையென்றால் 1,000 ரூபாய்.